பழைய நினைவுக்கு ஹிப்போகாம்பஸ் தேவையா? மோதும் இரண்டு கோட்பாடுகள்

1953-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில், ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞரின் தீராத வலிப்புக்காக, மூளையின் உட்பகுதியில் இரு பக்கத்திலும் உள்ள, நினைவைப் பதிக்க உதவும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவில் அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பின் சந்தித்தவர்களும் நடந்த சம்பவங்களும், 2008-ல் அவர் இறக்கும்வரை, மனதில் தங்கவே இல்லை. இளமைக்காலச் செய்திகளோ ஓரளவு நினைவில் இருந்தன. இது ஏன் என்பதில்தான் இரு தரப்பும் பிரிகின்றன.

நினைவு ஆய்வாளர் லாரி ஸ்குவயர் போன்றோர் முன்வைக்கும் நிலைப்படுத்தல் கோட்பாட்டில் ஹிப்போகாம்பஸுக்குத் தற்காலிக வேலைதான். நாளாக நாளாக, மூளையின் வெளி அடுக்கான பெருமூளைப் புறணியின் நரம்பணுக்கள் தமக்குள் நேரடியாகப் பிணைந்துகொள்ளும். பிறகு ஹிப்போகாம்பஸ் இல்லாமலே நினைவு வரும். பகலில் இயங்கிய ஹிப்போகாம்பஸ் நரம்பணுக்கள் எலியின் தூக்கத்தில் மறுபடி சேர்ந்து இயங்குவது இதற்கு நல்ல ஆதரவு.

1997-ல் லின் நாடெலும் மோரிஸ் மாஸ்கோவிச்சும் கொண்டுவந்த பல்தடக் கோட்பாடு இதை ஏற்கவில்லை. ஒன்றை நினைத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஹிப்போகாம்பஸில் புதுத் தடம், அதாவது அந்த நினைவின் புதுப் பதிவு, பதிகிறது. தடங்கள் பெருகிவிட்டதால்தான் பழைய நினைவுகள் ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதிச் சேதத்தையும் தாங்குகின்றன. வெறும் தகவல்கள் புறணியில் தனித்து நிற்கலாம். நாம் வாழ்ந்த ஒரு நாளை அதன் இடம், முகம், பேச்சோடு மீட்க, எத்தனை ஆண்டானாலும் ஹிப்போகாம்பஸ் வேண்டும்.

எனக்கு இரண்டாவதே வலுவாகப் படுகிறது. மொலைசனைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த சூசன் கார்க்கினின் குழு துருவிக் கேட்டபோது, மொலைசன் பெற்றோரைப் பற்றிப் பொதுவாகப் பேசினார். அவர்களோடு குறிப்பிட்ட ஒரு நாளில் நடந்த சம்பவம் ஒன்றைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. தாயைத் தெரியும், தாயோடு கழித்த ஒரு நாள் கிடையாது! பழைய நினைவு பத்திரமாக இருக்கிறது என்று முன்பு கருதியவர்கள் பெரும்பாலும் தகவல்களையே கேட்டிருந்தார்கள். இதற்கு ஸ்குவயர் தரப்பின் பதிலும் லேசானதல்ல: மொலைசனுக்குச் சேதம் ஹிப்போகாம்பஸைத் தாண்டியும் இருந்தது, சேதம் அங்கே மட்டும் உள்ளவர்கள் சிறுவயதுச் சம்பவங்களை விவரமாகவே சொன்னார்கள்.

2017-ல் சுசுமு தொனெகாவாவின் எம்ஐடி ஆய்வகம் சுண்டெலிகளிடம் கண்டது முதல் கோட்பாட்டுக்குச் சாதகம், ஒரு திருத்தத்தோடு. பயம் கற்ற முதல் நாளே நெற்றிக்குப் பின்னுள்ள முன்நெற்றிப் புறணியிலும் தடம் உருவாகிவிட்டது. ஆனால் அது ஊமையாக, அதாவது நினைவை மீட்கும்போது இயங்காமல் இருந்து, சுமார் 2 வாரத்தில் முதிர்ந்தது. ஹிப்போகாம்பஸ் தடம் அதற்குள் ஊமையாகிப்போனது. அந்த முதிர்ச்சிக்கே ஹிப்போகாம்பஸின் தூண்டுதல் தேவைப்பட்டது. எலி உறைந்து நின்றால் பயம் நினைவிருக்கிறது என்று அறியலாம். கார்க்கின் கேட்ட கேள்வியை அதனிடம் கேட்க வழியில்லை.