நகையை எங்கே வைப்பது: அடகுக்கடையா, அர்-ரஹ்னுவா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அர்-ரஹ்னு கட்சி, அதாவது இஸ்லாமிய முறை அடகு. எங்கள் வீட்டில் நகை வைப்பது என்றால் இப்போதெல்லாம் அர்-ரஹ்னு இருக்கும் கோலகங்சாருக்குத்தான் பஸ் ஏறுகிறோம். எங்கள் சுங்கை சிப்புட் டவுனில் (மலேசியாவின் பேராக் மாநிலம்) மாமியார் காலத்திலிருந்து போய்வந்த அடகுக்கடையை அநேகமாக விட்டாயிற்று. அநேகமாகத்தான், முழுக்க இல்லை. சில கணக்குகளில் அந்தப் பழைய கடைதான் இன்னும் மலிவு.

நகையை ஏன் வைக்க வேண்டும், செலவைக் குறைக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் தோட்டத்துச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியிருக்க மாட்டார்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி பிடித்து, சொக்சோவும் (தொழிலாளர் காப்புறுதிச் சந்தா) போனால் கையில் வருவது 1,500 சொச்சம். மழைக்காலத்தில் செம்பனைக் குலை இறக்க முடியாத நாட்கள் உண்டு. ரப்பர் தோட்டமாக இருந்தால் இலையுதிர் மாதங்களில் பால் குறைந்துவிடும். வருமானம் ஏறி இறங்கும். பள்ளி பஸ், கரண்டு பில், மோட்டார் தவணை எதுவும் இறங்காது. பள்ளி திறக்கும்போது பிள்ளைக்கு 150 வெள்ளி அரசாங்கம் தருகிறது. சீருடை, சப்பாத்து, பை வாங்குவதற்குள் அது தீர்ந்துவிடும். அந்த இடைவெளியை அடைக்க வீட்டில் இருக்கும் ஒரே சொத்து நகைதான். தாலிக்கொடியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை, அது வேறு பேச்சு.

ஆலோங் (உரிமம் இல்லாத வட்டிக்காரர்) பக்கம் போகக்கூடாது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு, அடமானம் இல்லாத கடனுக்கு வருடத்துக்கு 18 விழுக்காடு, அடமானத்தோடு 12. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சம்பளச் சீட்டு கேட்பார்கள், ஜாமீன் கேட்பார்கள். நகைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஐ.சி.யை (அடையாள அட்டை) நீட்டினால் போதும்.

அடகுக்கடை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1972ஆம் ஆண்டு அடகுக்கடைக்காரர் சட்டத்தின்படி மாத வட்டி 2 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது, மீட்க ஆறு மாதத் தவணை. கம்பிக்குப் பின்னால் இருக்கும் தவுக்கே (முதலாளி) உரசிப் பார்ப்பார், எடை போடுவார், சீட்டு எழுதுவார், பத்து நிமிடத்தில் பணம் கைக்கு வந்துவிடும். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கிடையாது. சனிக்கிழமையும் திறந்திருக்கும். கூச்சப்படுகிறவர்களுக்கு அந்தக் கம்பி ஒரு வசதி என்றே சொல்வேன்.

இனி அர்-ரஹ்னு. 1992இல் திரங்கானு மாநிலத்தில் தொடங்கி, பிறகு பேங்க் ராக்யாட், அக்ரோபேங்க், யாப்பெயிம் அறநிறுவனம் என்று நாடெங்கும் பரவியது. முஸ்லிம் அல்லாதவர்களும் வைக்கலாம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'அது அவங்களுக்குத்தானே' என்று நினைத்துக்கொண்டு கிட்டவே போகாதவர்கள் லயத்தில் இன்னும் இருக்கிறார்கள். நான் போகும் நாளில் வரிசையில் நம் ஆட்களும் நிற்கிறார்கள். அர்-ரஹ்னுவின் பழைய முறையில் கடனுக்கு வட்டி என்று எதுவும் இல்லை. நகையைப் பத்திரமாக வைத்திருப்பதற்குக் கூலி உண்டு. அந்தக் கூலியை நகையின் மதிப்பை வைத்துப் போடுவார்கள், நூறு வெள்ளி மதிப்புக்கு மாதம் இத்தனை காசு என்று. இப்போது சில இடங்களில் கடன் தொகையை வைத்துக் கணக்கிடும் முறையும் வந்திருக்கிறது. எது எந்த முறை என்று கேட்காமல் நகையைக் கழற்றிக் கொடுக்காதீர்கள். கீழே நான் சொல்வதெல்லாம் அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது.

மற்றபடி இரண்டு இடத்திலும் செய்கூலியும் சேதாரமும் கணக்கில் வராது, கல்லுக்கும் மதிப்பில்லை, தங்கத்துக்கு மட்டும்தான் காசு. இரண்டிலும் ஆறு மாதத்தில் மீட்க வேண்டும், இல்லையென்றால் கட்ட வேண்டியதைக் கட்டித் தவணையை நீட்டிக்கொள்ளலாம்.

அந்த நீட்டிப்பில்தான் எல்லாம் இருக்கிறது. வைக்கும்போது 'தீபாவளி போனஸ் வந்ததும் எடுத்துடலாம்' என்று சொல்லித்தான் எல்லாரும் வைக்கிறோம். எடுக்கிறோமா? வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறோம். அதனால் ஒரு மாதத்துக்கு எவ்வளவு என்று பார்ப்பதில் பயனில்லை, ஒன்றரை வருடத்துக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

5,000 வெள்ளி மதிப்புள்ள ஒரு சங்கிலியை வைத்து 3,000 வெள்ளி வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அடகுக்கடையில் 2 விழுக்காடு என்றால் மாதம் 60 வெள்ளி. ஆறு மாதத்தில் 360, ஒன்றரை வருடத்தில் 1,080. முதல் 3,000 அப்படியே நிற்கிறது. அர்-ரஹ்னுவில் கூலி நூறுக்கு 65 காசு என்று வையுங்கள் (இடத்துக்கு இடம் இது மாறும்). 5,000 மதிப்புக்கு மாதம் 32 வெள்ளி 50 காசு. ஆறு மாதத்தில் 195, ஒன்றரை வருடத்தில் 585. வித்தியாசம் 495 வெள்ளி. எங்கள் வீட்டில் அது ஒரு மாத மளிகை. நான் கட்சி மாறியதற்குக் காரணம் இந்த ஒரு கணக்குதான். மாதம் 2 விழுக்காடு என்று சொல்லும்போது சின்னதாகத் தெரிவது வருடத்துக்கு 24. மேலே சொன்ன வட்டிக்கடை வரம்பைவிட அதிகம்.

இனி இதன் மறுபக்கம். இதை வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் கவனிப்பதில்லை. அதே சங்கிலிக்கு 1,000 வெள்ளி மட்டும் போதும் என்று வையுங்கள். அடகுக்கடையில் மாதம் 20 வெள்ளி. மதிப்பை வைத்துக் கூலி போடும் அர்-ரஹ்னுவில் கடன் குறைந்தாலும் கூலி குறையாது, அதே 32.50. இங்கே அடகுக்கடைதான் மலிவு! இந்தச் சங்கிலிக்கு 1,625 வெள்ளி கடனில் இரண்டும் சமமாகிறது. நகை மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே கடன் வாங்கினால் அடகுக்கடை, அதற்கு மேல் என்றால் அர்-ரஹ்னு, ஏறக்குறைய இப்படி வைத்துக்கொள்ளலாம். கூலி 65 காசு இல்லாமல் வேறாக இருந்தால் அந்தப் புள்ளியும் நகரும்.

ஆனால் சின்னக் கடனுக்குப் பெரிய சங்கிலியை ஏன் தூக்கிக்கொண்டு போக வேண்டும்? 1,500 வெள்ளி பெறும் ஒற்றை வளையலைக் கொண்டு போனால் அர்-ரஹ்னுவிலும் அந்த 1,000 வெள்ளி கிடைக்கும், மதிப்பில் எழுபது விழுக்காடு வரை கொடுக்கும் இடமாக இருந்தால். கூலி மாதம் 9 வெள்ளி 75 காசு. கடன் அதே கடன், நகையை மாற்றியதால் 32.50 எங்கே, 9.75 எங்கே. அதிலிருந்து நாங்கள் நகை வாங்கும் முறையே மாறிவிட்டது. காசு சேர்ந்தால் ஒரே கனமான சங்கிலியாக வாங்காமல் மெல்லிய வளையல், சின்ன மோதிரம் என்று பிரித்து வாங்குகிறேன். கல் வைத்தது வேண்டாம், வேலைப்பாடு அதிகம் உள்ளது வேண்டாம், 916 முத்திரை இருந்தால் போதும். கல்யாண வீட்டில் பார்க்க எடுப்பாக இருக்காதுதான். எங்கள் அண்ணி அதைச் சொல்லிக் காட்டவும் தவறுவதில்லை.

அப்புறம் பஸ் காசு, ஒரு காலைப்பொழுது. இதையும் கணக்கில் எழுத வேண்டும். அந்த வளையல் கணக்கில் அடகுக்கடையைவிட மாதம் 10 வெள்ளி 25 காசு மிச்சம், ஆறு மாதத்தில் 61 வெள்ளி 50 காசு. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்பவருக்குக் குறைந்தபட்ச நாள் கூலி 65 வெள்ளி 38 காசு. வீட்டுக்காரர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுக் கோலகங்சார் போனால் மிச்சம் பிடித்ததெல்லாம் அன்றைக்கே போய்விடும். நான் வீட்டிலிருந்து தைக்கிறேன், அதனால் என் பெயரில் வைக்கிறோம். பெரும்பாலும் வைத்தவரே ஐ.சி.யோடு வந்து மீட்க வேண்டும் என்பதால் யார் பெயரில் வைப்பது என்பதை முன்பே யோசித்துவிடுவது நல்லது. இரண்டு பேருமே வெளி வேலைக்குப் போகிற வீடாக இருந்து, 500, 600 வெள்ளிதான் தேவை என்றால் பேசாமல் டவுன் அடகுக்கடையிலேயே வையுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு என்றாலும் அதுதான் வழி. அர்-ரஹ்னு முகப்புகளில் பல வங்கி நேரத்தோடு கதவை மூடிவிடும்.

தங்க விலை ஏறுவதால் ஒரு புதுச் சிக்கலும் வந்திருக்கிறது. 2025 அக்டோபரில் ஓர் அவுன்ஸ் 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. தவணையை நீட்டப் போனால், உங்கள் நகைக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார்கள், இரண்டு இடத்திலும்தான். அடகுக்கடையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வட்டி பழையபடியே இருக்கும். மதிப்பை வைத்துக் கூலி போடும் இடத்தில், புது விலையில் மறுபடி மதிப்பிட்டால் ஒரு காசு கூட எடுக்காவிட்டாலும் கூலி ஏறிவிடும். 5,000 என்று போட்ட சங்கிலி 7,000 ஆனால் 32.50 வெள்ளி 45.50 ஆகிறது. 3,000 கடனுக்கு இன்னும் அடகுக்கடையின் 60ஐவிடக் குறைவுதான், ஆனாலும் இடைவெளி சுருங்குகிறது. அதனால் நீட்டும்போது அசலில் கொஞ்சம் கட்டி, வைத்ததில் ஒன்றிரண்டை வெளியே எடுத்துவிடப் பார்க்கிறேன். சின்னச் சின்ன நகையாக, தனித் தனிச் சீட்டில் வைத்திருந்தால்தான் இது நடக்கும்.

ஏலத்தைப் பற்றி நான் அடித்துப் பேச மாட்டேன், எங்கள் நகை அது வரை போனதில்லை. அர்-ரஹ்னுவில் ஏலத்துக்கு முன் அறிவிப்பு அனுப்புகிறார்கள், கடனும் கூலியும் கழித்து மீதி இருந்தால் உரியவருக்குத் தருகிறார்கள். அடகுக்கடையில் நகையைப் பறிகொடுத்தவர்கள் தோட்டத்தில் பேசுவது வேறு மாதிரி இருக்கும். அதில் எவ்வளவு கடையின் குறை, எவ்வளவு சீட்டைத் தொலைத்தவரின் குறை என்று நான் பிரித்துச் சொல்ல முடியாது.

கூட்டு (பலர் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டு முறைவைத்து எடுத்துக்கொள்வது) பிடித்தால் நகையே வைக்க வேண்டாமே என்று சிலர் சொல்வார்கள். நல்ல ஆள் நடத்தினால் உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் 1971ஆம் ஆண்டிலிருந்து கூட்டு நடத்துவதைச் சட்டம் தடை செய்கிறது. நடத்துகிற அக்கா பணத்தோடு காணாமல் போனால் யாரிடம் போய் எதைக் காட்டுவது? அடகுச் சீட்டாவது கையில் இருக்கும்.

முகப்பில் கேட்க வேண்டியவை: கூலி நகை மதிப்புக்கா கடன் தொகைக்கா, நீட்டும்போது மறுமதிப்பீடு உண்டா, இடையில் அசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாமா. தமிழிலோ மலாயிலோ கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்புறம் கைப்பேசி எண்ணை மாற்றினால் போய்ச் சொல்லிவிடுங்கள். தவணை முடியப் போகிறது என்ற செய்தி அவர்களிடம் இருக்கும் எண்ணுக்குத்தான் வரும்.