குலைநோய்ப் பூஞ்சையின் மரபு வேறுபாடு: ரேப்பிட், ஐஎஸ்எஸ்ஆர், எஸ்எஸ்ஆர் – எதில் இறங்கலாம்?

செபராங் பிறை நெல் வயல்களில் பறித்த குலைநோய் இலைகளோடு பினாங்கு ஆய்வகத்துக்குத் திரும்பியவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் கேள்வி இது. மூன்றுமே டிஎன்ஏ துண்டுகளை நகலெடுத்து ஒப்பிடும் முறைகள்: ரேப்பிட் (RAPD) பல இடங்களில் ஒட்டும் குறும்பிரைமரைக் கொண்டு, ஐஎஸ்எஸ்ஆர் (ISSR) திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடர்களுக்கு இடைப்பட்ட பகுதியைக் கொண்டு, எஸ்எஸ்ஆர் (SSR) அத்தகைய தொடர் ஒன்றின் நீளத்தைக் கொண்டு. எங்கள் தேர்வு எஸ்எஸ்ஆர். மற்ற இரண்டுக்கும் சேரவேண்டிய நியாயத்தையும் சொல்லிவிடலாம்.

செலவு என்று பார்த்தால் ரேப்பிட்தான் மலிவு. 10 டிஎன்ஏ எழுத்து நீளப் பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கும் குறுந்துண்டு), டிஎன்ஏவை நகலெடுக்கும் சாதாரண பிசிஆர் பொறி, துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் அகரோஸ் ஜெல், வேலை முடிந்தது. ஐஎஸ்எஸ்ஆரில் பிரைமர் இன்னும் நீளமானது, ஒட்டும் வெப்பமும் 50 டிகிரிக்குப் பக்கம், அதனால் ஜெல்லில் தெரியும் பட்டைகள் கொஞ்சம் நம்பகம். ஓங்குபண்பை மட்டும் காட்டும், அதாவது பட்டை தெரிந்தால் அந்த வடிவம் ஒரு நகலா இரண்டு நகலா என்று சொல்லாது என்று இரண்டையும் குறை சொல்வார்கள். குலைநோய்ப் பூஞ்சை ஒருமடியம் (ஒவ்வொரு மரபணுவும் ஒரே நகல்), ஆகவே இங்கே அது ஒரு குறையே அல்ல. செல்லுக்கு இரண்டு உட்கரு வைத்திருக்கும் செம்பனையைத் தாக்கும் கனோடர்மா பூஞ்சையென்றால் கதை வேறு. ஐடிஎஸ் (ITS) என்ற டிஎன்ஏ பகுதியின் வரிசை இனத்தை உறுதிசெய்யத்தான். ஒரே இனத்துக்குள் அது பெரிதாகப் பிரித்துக் காட்டாது.

தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: அடுத்த பருவத்து மாதிரிகளை இந்தப் பருவத்து அட்டவணையோடு சேர்க்க முடியுமா?

ரேப்பிடில் பிரைமர் 36 டிகிரியில் தளர்வாகத்தான் ஒட்டுகிறது. டிஎன்ஏ 25 நானோகிராமிலிருந்து 10க்கு இறங்கினாலும், நகலெடுக்கும் டாக் நொதி வேறு கம்பெனிக்கு மாறினாலும், பொறி சூடேறும் வேகம் மாறினாலும் மங்கலான பட்டைகள் காணாமல் போகும். உறைவித்து உருக்கி நைந்த டிஎன்ஏவில் முதலில் போவது பெரிய பட்டைகள். போன பட்டை அட்டவணையில் 0 (பட்டை இல்லை) ஆக ஏறும், இல்லாத வேறுபாடு இருப்பதாகத் தெரியும். ஐஎஸ்எஸ்ஆரிலும் இதே நோய்தான், வீரியம் குறைவு.

எஸ்எஸ்ஆரில் கிடைப்பது எண், அதாவது எழுத்துக் கணக்கில் துண்டின் நீளம். 183 என்றால் அடுத்த ஆண்டும் 183 தான், சில ஒழுங்குகளைக் கடைப்பிடித்தால். இந்தப் பூஞ்சையின் மரபணுத்தொகுதி 2005இலேயே வெளியாகிவிட்டதால் பிரைமருக்கு அலைய வேண்டாம். ஒவ்வொரு பிரைமருக்கும் ஒளிர்சாயம் வாங்கினால் பை காலி. இணையில் ஒன்றான முன்பிரைமரில் (forward) எம்13 என்ற 18 எழுத்துப் பொது வாலைச் சேர்த்து, சாயமேற்றிய ஒரே எம்13 பிரைமரை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாம். அளவில் அந்த 18 கூடும், கழிக்க மறக்கக்கூடாது. டாக் நொதி கடைசியில் ஓர் 'ஏ' ஒட்டுவதும் ஒட்டாததுமாக இருந்தால் முகடு (துண்டின் அளவைக் காட்டும் பொறி வரைவின் உச்சி) ஓரெழுத்து நகரும்; முடிவில் 60 டிகிரியில் 30 நிமிடம் விட்டால் பெரும்பாலும் சரியாகும். ஒவ்வொரு ஓட்டத்திலும் பழைய தனிவகை (தனித்துப் பிரித்து வளர்த்த பூஞ்சை) இரண்டை ஒப்பிடத் துணைக்கு வைக்க வேண்டும்.

இன்னொரு லாபமும் உண்டு. ஒருமடியத்தில் ஓரிடத்துக்கு ஒரு முகடுதான் வரவேண்டும். பல இடங்களில் இரண்டிரண்டு வந்தால் வளர்ப்பு கலந்துவிட்டது என்று பொருள். புள்ளியுள்ள இலைத்துண்டை ஈரத்தாள் தட்டில் ஒரு நாள் வைத்து, நுண்ணோக்கியின் கீழ் பேரிக்காய் வடிவ வித்து ஒன்றே ஒன்றை ஊசிமுனையால் எடுத்து மறுபடி வளர்க்க வேண்டியதுதான். ரேப்பிடில் இந்தக் கலப்பு கூடுதல் பட்டையாக ஒளிந்துகொள்ளும்.

குறையும் இருக்கிறது. பிரைமர் ஒட்டுமிடமே மாறிய தனிவகையில் முகடே வராது. அதை 0 என்று எழுதாமல் காலியாக விடுங்கள். முழு மரபணு வரிசைப்படுத்தலில் எங்கள் கைப்பழக்கம் குறைவு, அதனால் போட்டியில் சேர்க்கவில்லை. 15 தனிவகை, ஒரே ஜெல், ஒரு பருவத்தோடு முடியும் மாணவர் திட்டம் என்றால் ஐஎஸ்எஸ்ஆரே போதும்.