இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரியும்: உறுமலுக்கு பேலன்ஸ்டு டிரான்ஸ்ஃபார்மர் தேவைதானா?

இரவு பத்து மணிக்கு மேல், தெரு அடங்கிய பிறகுதான் அது காதில் விழும். பாட்டு எதுவும் ஓடாதபோது ஸ்பீக்கருக்குள்ளிருந்து ஒரு மெல்லிய ‘ம்ம்ம்’. ஹைஃபை பிடித்து ஆட்டும் யாருக்கும் இந்த உறுமலோடு ஒரு சண்டை இருந்திருக்கும். கடைசியில் யாராவது ஒருவர் சொல்வார்: “பேலன்ஸ்டு மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்க, எல்லாம் சரியாயிடும்.” நானும் போட்டேன். எல்லாம் சரியாகவில்லை, கொஞ்சம் சரியானது.

அந்தப் பெட்டி செய்வது இதுதான். நம் வீட்டு சாக்கெட்டில் ஃபேஸ் ஓட்டைக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பேலன்ஸ்டு டிரான்ஸ்ஃபார்மரில் செகண்டரி வைண்டிங்கின் (வெளியே மின்சாரம் தரும் கம்பிச் சுருளின்) நட்டநடுவில் ஒரு கம்பி எடுத்து எர்த்தில் கட்டிவிடுவார்கள். இப்போது இரண்டு ஓட்டைக்குமே 115 வோல்ட். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். இரண்டுக்கும் நடுவே அதே 230.

“எக்ஸ்எல்ஆர் கேபிள் மாதிரி இரைச்சல் கழிஞ்சு போயிடும்” என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டாம். எக்ஸ்எல்ஆரில் ஒரே சிக்னல் இரண்டு கம்பிகளில் எதிரெதிராகப் போகும், வழியில் ஏறும் இரைச்சல் கடைசியில் கழிந்துவிடும். ஆம்ப்ளிஃபயரின் பவர் டிரான்ஸ்ஃபார்மர் எப்போதுமே இரண்டு கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. அந்த வித்தியாசத்தில் ஏறி வரும் குப்பை இங்கும் பெரும்பாலும் வந்தே தீரும். லாபம் இருப்பது எர்த்தில்.

கம்ப்யூட்டரில் இருப்பது போன்ற ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை உள்ள மூன்று பின் கருவிகளில், ஃபேஸிலிருந்து எர்த்துக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒன்று என்று சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 4.7 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். ஃபேஸ் பக்கத்தில் சுமார் 0.34 மில்லிஆம்பியர் எர்த்துக்குக் கசியும். நியூட்ரல் பக்கத்தில் வோல்டேஜே இல்லாததால் கசிவும் இல்லை. இப்படி ஐந்து கருவி இருந்தால் 1.7 மில்லிஆம்பியர். அதில் ஒரு பங்கு கருவிகளை இணைக்கும் ஆர்சிஏ ஆடியோ கேபிளின் வெளிப்பின்னல் வழியே பக்கத்துக் கருவிக்குப் போய்விட்டால், அது பாட்டோடு கலந்துவிடும். பேலன்ஸ்டு முறையில் இரு பக்கமும் 0.17, எதிரெதிர்த் திசையில். கூட்டினால் பூஜ்யம். கணக்கு அழகுதான், ஆனால் இரண்டு கெப்பாசிட்டரும் சமமாக இருந்தால்தான். இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய ஆம்ப்ளிஃபயர்களில் கசிவு இரு பக்கமும் சமமாக இருப்பதில்லை. அங்கே முழுசாகக் கழியாது.

சரி, போட்டிக்கு யார் யார்? முதல் ஆளுக்குச் செலவே கிடையாது: ஒயரைக் கழற்றிப் பார்ப்பது. எங்கள் வீட்டில் டிரான்ஸ்ஃபார்மரை இறக்கி, பொருத்தி, ஸ்பீக்கர் அருகே காதை வைத்தால் உறுமல் அப்படியே இருந்தது. வெறுத்துப்போய் செட் டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருந்த கேபிள் டிவி ஒயரைக் கழற்றினேன். பட்டென்று அமைதி. அந்த ஒயரின் வெளிப்பின்னல் தெருக்கம்பத்தில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர், அக்கம்பக்கத்து வீடுகள் என்று எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு வருகிறது. அந்த வளையத்தில் ஓடும் கரண்டை எந்த மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரும் தடுக்காது. எர்த் கம்பி அதைத் தாண்டி நேராகத்தானே போகிறது! டிவிக்கும் டாக்குக்கும் (டிஜிட்டல் சிக்னலை ஆடியோவாக மாற்றும் பெட்டி) நடுவே ஒரு ஆப்டிகல் ஒயர் போட்டேன். அதில் வெளிச்சம்தான் போகும், கரண்ட் போகாது. ஆப்டிகல் வசதி இல்லாத இடத்தில், சிக்னல் பாதையில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். ஜென்சன், லண்டால் போன்ற கம்பெனிகள் நல்லதாகச் செய்கின்றன. மலிவானவற்றில் கோர் (உள்ளே இருக்கும் காந்த உலோகம்) சின்னது, பேஸ் (கனத்த ஒலி) மெலிந்துவிடும்.

அதற்குப் பிறகும் ஒரு ‘ர்ர்ர்’ மிச்சமிருந்தது. கம்ப்யூட்டரும் ஸ்ட்ரீமரும் ஓடும்போது மட்டும் வந்தது. அதை பேலன்ஸ்டு பெட்டி அடக்கியது. நேராகச் சுவரில் செருகினால் திரும்ப வருகிறது, மாற்றிச் செருகினால் போகிறது. இந்த வேலைக்கு அது நல்ல ஆள்.

கரண்ட் ஏறி இறங்குவதுதான் உங்கள் தொல்லை என்றால் இதை வாங்காதீர்கள். உள்ளே 190 வந்தால் வெளியே 95-0-95, அதாவது எர்த்துக்கு இரு பக்கமும் 95 வோல்ட் வரும், அவ்வளவுதான். அதற்கு சர்வோ ஸ்டெபிலைசர் போதும். ஆன்லைன் யுபிஎஸ் வோல்டேஜை நேர் செய்யும், ஆனால் ஃபேன் சத்தம் போடும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத மாடல்களில் நியூட்ரல் நேராக உள்ளிருந்து வெளியே போய்விடும் என்பதால் எர்த் இரைச்சலுக்குப் பெரிதாக உதவாது.

சாதாரண ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்தான் நெருங்கிய போட்டி. செகண்டரியை எர்த்தில் கட்டாமல் மிதக்கவிட்டால், சம கெப்பாசிட்டர்கள் இருந்தால் அதுவே தன்னை நடுவில் நிறுத்திக்கொள்ளும். சத்தத்தில் பேலன்ஸ்டுக்குக் கிட்ட வரும். ஆனால் ஏதாவது ஒரு கருவியில் கம்பி உலோகக் கூட்டைத் தொட்டால் யாருக்கும் தெரியாது. இரண்டாவது கருவியிலும் அப்படி ஆனால் ஆபத்து. வீட்டில் நான் அதை வைக்க மாட்டேன்.

ஆபத்து பேலன்ஸ்டிலும் உண்டு, அதுதான் பலரும் சொல்லாமல் விடுவது. கருவிகளின் ஃபியூஸும் பல ஸ்விட்சுகளும் ஒரு கம்பியில் மட்டும் இருக்கும். அணைத்தாலும் மற்ற கம்பியில் 115 வோல்ட் காத்திருக்கும். வீட்டு ஆர்சிசிபி (எர்த்துக்குக் கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் நடக்கும் கசிவைப் பார்க்காது. வெளியீட்டில் இரண்டு கம்பியையும் துண்டிக்கும் எம்சிபியும் (கரண்ட் அதிகமானால் விழும் ஸ்விட்ச்) தனி ஆர்சிசிபியும் கட்டாயம் வேண்டும். அமெரிக்காவில் 60-0-60 முறையை மின்விதிகளின் 647ஆம் பிரிவு அனுமதிக்கிறது, வணிக, தொழில் இடங்களுக்கு மட்டும், வீட்டுக்கு இல்லை. பிரிட்டனில் கட்டட வேலை நடக்கும் இடங்களில் இருக்கும் மஞ்சள் டிரான்ஸ்ஃபார்மரும் 55-0-55 தான். அது பாட்டுக்காக அல்ல, வேலையாள் ஷாக் அடித்துச் சாகாமல் இருப்பதற்காக.

அப்புறம் அந்தப் பெட்டியே உறுமும். மெயின்ஸில் கொஞ்சம் டிசி கலந்தாலும் உள்ளே இருக்கும் டொராய்டு (வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர்) ‘ஊஊ’ என்று பாடும். என்னுடையது இப்போது அடுத்த அறை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. மெதுவாகக் கரண்ட் ஏற்றும் சாஃப்ட் ஸ்டார்ட் இல்லாமல் ஆன் செய்தால் எம்சிபி விழுந்துவிடும், அதையும் சேர்த்தே வாங்கினேன். போன மாதம் ஃபேன் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் அந்த சாக்கெட்டில் டெஸ்டரை வைத்தார். இந்த ஓட்டையில் எரிந்தது, அந்த ஓட்டையிலும் எரிந்தது. “சார், நியூட்ரல் கட்டாயிடுச்சு” என்று மெயினை அணைக்க ஓடினார். அன்றே ஒரு அட்டையில் சிவப்பு மார்க்கரால் எழுதி ஒட்டிவிட்டேன்: “இரண்டு பக்கமும் கரண்ட். தொடாதே.”