சதுர அணிக்கு எந்த வீரர்கள்: 1/72 மென் பிளாஸ்டிக்கா, 28 மி.மீ. கடின பிளாஸ்டிக்கா?

1815 ஜூன் 18, வாட்டர்லூ. பிரெஞ்சுக் குதிரைப்படை அலை அலையாக வந்து மோத, பிரிட்டிஷ் காலாட்படை நாற்புறமும் வெளியே பார்த்தபடி, நடுவில் காலியிடம் விட்டு, சதுரம் சதுரமாக நின்று தாக்குப்பிடித்தது. அந்தச் சதுரங்களில் ஒன்றை டயோரமாவாக, அதாவது சின்னஞ்சிறு பொம்மை வீரர்களை வைத்து அமைக்கும் காட்சியாக, இரண்டு முறை செய்துவிட்டேன். முதலில் 1/72 மென் பிளாஸ்டிக்கில், அப்புறம் 28 மி.மீ. கடின பிளாஸ்டிக்கில். இனிமேல் செய்வதென்றால் இரண்டாவதுதான்.

அளவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1/72 என்றால் ஆறடி மனிதன் ஓர் அங்குல உயரம். 28 மி.மீ. உருவங்கள் ஏறக்குறைய 1/56. சற்றே பெரியவை, முகமும் பொத்தான்களும் தூரிகைக்கு நன்றாக எட்டும். ஒரு பெட்டியில் அதிகம் பேர் கிடைப்பது 1/72-இல். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இடத்தை மட்டும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். 500 பேர் நான்கு வரிசை ஆழத்தில் சதுரமாக நின்றால் பக்கத்துக்குச் சுமார் 31 பேர் அகலம். ஆளுக்கு 55 செ.மீ. என்று வைத்தால் 17 மீட்டர். 1/72-இல் அது 24 செ.மீ., 1/56-இல் 30 செ.மீ. வித்தியாசம் ஒரு கையளவுகூட இல்லை. ஆனால் 500 உருவங்களுக்கும் வண்ணம் பூச வேண்டுமே! அதனால்தான் இரண்டாம் முறை முழுச் சதுரத்தை விட்டுவிட்டு அதன் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொண்டேன். அறுபது பேர், எதிரே ஒன்பது குதிரைகள். காட்சி அதனால் குறைந்துபோகவில்லை.

சரி, என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். சதுர அணியின் உயிரே பயோனெட்டுகள்தான், துப்பாக்கி முனையில் மாட்டும் கத்திகள். முன்வரிசை மண்டியிட்டு, துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தரையில் ஊன்றி, முனையைக் குதிரையின் மார்புக்கு நேராகச் சாய்த்துப் பிடித்திருக்கும். பார்ப்பவரின் கண் முதலில் அந்த முனைகளில்தான் போய் நிற்கும். மென் பிளாஸ்டிக் காலை வாருவதும் அதே இடத்தில்தான்.

இந்த உருவங்களில் பெரும்பாலானவை பாலிஎத்திலீன் வகையைச் சேர்ந்தவை. வளையும், எளிதில் உடையாது. ஆனால் அதன் வழுக்கும் மேற்பரப்பில் வண்ணம் ஒட்டிப் பிடிப்பதில்லை, மேலே ஒரு தோல்போலப் படிந்து கிடக்கிறது. தடித்த உடல் அசையாது என்பதால் அங்கே பிரச்சினை இல்லை. மெல்லிய பயோனெட்டோ தொட்டாலே வளைகிறது. பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும்போது காய்ந்த வண்ணம் கூடவே வளையாமல் விரிந்து உரிகிறது. சோப்பு நீரில் கழுவினேன், வண்ணத்துக்கு முன் பூசும் ப்ரைமர் அடித்தேன், மேலே வார்னிஷும் கொடுத்தேன். முதல் வருடம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் தூசி தட்ட மென்மையான தூரிகையால் ஒருமுறை வருடினேன். முன்வரிசையில் பதினொரு பயோனெட்டுகளின் வெள்ளி நிறம் செதில் செதிலாகப் புல்லின் மேல் விழுந்தது. உள்ளே இருந்த வெளிர் சாம்பல் பிளாஸ்டிக் பல்லிளித்தது. திரும்பப் பூசினேன். அடுத்த தூசி தட்டலில் வேறு நான்கு. டயோரமா என்பது செய்து முடித்த பிறகு பல வருடம் கூடவே இருக்கும் பொருள், பராமரிப்பில் தோற்றால் மற்ற நல்ல குணங்கள் எதற்கு?

ப்ரைமருக்கு முன் நீர்த்த வெள்ளைப் பசையை ஒரு பூச்சு கொடுத்தால் ஓரளவு தாங்கும் என்பார்கள். ஒரு பத்து உருவங்களில் செய்து பார்த்தேன், இதுவரை உரியவில்லை. ஆனால் அவை அலமாரியில் இருந்து ஆறு மாதம்தான் ஆகிறது, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கடின பிளாஸ்டிக் என்பது பாலிஸ்டைரீன், விமான மாடல்களில் வருவதேதான். பிளாஸ்டிக் பசை இரு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாகவே இணைத்துவிடும். மென் பிளாஸ்டிக்கில் இந்தப் பசை பிடிக்கவே பிடிக்காது. பெர்ரி, விக்ட்ரிக்ஸ் போன்ற தயாரிப்புகளில் தலை, கை, முதுகுப்பை எல்லாம் தனித்தனியாக வருவதால் அறுபது பேரில் ஒருவர்போல இன்னொருவர் இல்லாமல் அமைக்க முடிந்தது. ஒருவன் தோட்டா எடுக்கப் பைக்குள் கையை விடுகிறான், பக்கத்தில் இருப்பவன் அவன் தோளைப் பிடித்து உலுக்குகிறான். ஒரே அச்சில் வார்த்த 1/72 உருவங்களில் இதற்குக் கத்தியும் ஊசியும் நிறையப் பொறுமையும் வேண்டும். பயோனெட் விஷயத்தில் குறை ஒன்று உண்டு: அழுத்தினால் ஒடிந்துவிடும். எனக்கு மூன்று ஒடிந்தன. ஒட்டினேன், வண்ணம் தொட்டேன், இப்போது எவை என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

உலோக உருவங்களில் நான் செய்தது நான்கு அதிகாரிகள் மட்டும், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். வார்ப்பு அழகு, கையில் எடை நன்றாக இருக்கிறது. வளைந்த வாளை நிமிர்த்தினால் அதிலும் வண்ணம் வெடிக்கிறது. பழைய ஈய உருவங்கள் வைத்திருப்பவர்கள் ஓக் மர அலமாரியைத் தவிர்க்க வேண்டும்; அந்த மரம் விடும் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும்.

1/72-ஐ நான் ஒதுக்கச் சொல்லவில்லை. விமானமோ பீரங்கி வண்டியோ காட்சியில் வந்தால் அந்த அளவில் கிடைக்கும் தேர்வு 28 மி.மீட்டரில் கிடைக்காது. முழுப் போர்க்களத்தையும் காட்ட வேண்டுமென்றால் இன்னும் சிறியதுக்கே போகலாம். கேப்டன் வில்லியம் சைபோர்ன் 1838-இல் லண்டனில் காட்சிக்கு வைத்த வாட்டர்லூ மாதிரியில் வீரர்கள் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். என் பழைய சதுரமும் இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதற்குக் கண்ணாடிப் பெட்டி செய்துவிட்டேன், இனி அதன் மேல் தூரிகை படாது.