பிளஸ் டூ இங்கிலீஷ் புத்தகம் வேலைக்கு ஆகுமா?

மாநிலப் பாடத்திட்டத்தின் பிளஸ் டூ இங்கிலீஷ் புத்தகம் எங்கள் வீட்டில் இரண்டாவது ரவுண்டில் இருக்கிறது. மகன் படித்து முடித்தான், இப்போது மகள். 2019-20இல் வந்த புத்தகம், கியூஆர் கோடு எல்லாம் உண்டு, அதெல்லாம் தெரிந்த கதை. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கும் வேலையில் இருப்பதால், என் கண் போவது வேறு பக்கத்துக்கு.

எனக்கு ஆறாத எரிச்சல் ஒன்றுதான்: வேலைக்கு விண்ணப்பிக்கும் அந்தக் கடிதம். பரீட்சையில் கட்டம் கட்டி ஒரு விளம்பரம் கொடுப்பார்கள். பெயருக்குப் பதில் நாலு எக்ஸ், முகவரிக்கு நாலு ஒய் போட வேண்டும். விடைத்தாள் யாருடையது என்று தெரியக்கூடாது, நியாயம்தான். ஆனால் பிள்ளைகள் பெயரோடு நிறுத்துவதில்லை, மொத்த ஆளையே எக்ஸ் ஆக்கிவிடுகிறார்கள். விளம்பரம் சேல்ஸ் மேனேஜருக்கோ நூலகருக்கோ, கைடில் உள்ள ஒரே பயோடேட்டாதான். ரிவிஷன் டெஸ்டில் என் மகள் எம்.பி.ஏ. முடித்து ஐந்து வருஷ அனுபவம் என்று எழுதியிருந்தாள். பிறந்த தேதி மட்டும் அவளுடைய சொந்தத் தேதி! ஐந்துக்கு நாலரை போட்டிருந்தார்கள்.

சிரித்துவிட்டுப் போகலாம். என் மேஜைக்கு நிஜமாக வருகிற பயோடேட்டாக்களும் அப்படியே இருப்பதுதான் வயிற்றெரிச்சல். டிப்ளமோ முடித்த பையன், ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டியதைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டான். 'ஹார்ட் ஒர்க்கர், டீம் பிளேயர்' என்று இருக்கும். அப்புறம் மேலே சொன்னதெல்லாம் உண்மை என்ற உறுதிமொழி, கையெழுத்து.

அதே புத்தகத்தில் யாரும் மதிக்காத ஒரு பயிற்சி இருக்கிறது. டீ போடுவது, ஏடிஎம்மில் பணம் எடுப்பது மாதிரி ஒரு காரியத்தைப் படிப்படியாக எழுதுவது. மார்க் குறைவு, அதனால் மரியாதையும் குறைவு. எங்கள் ஷாப் ஃப்ளோரில் தினமும் தேவைப்படுவது இதுதான்: மெஷினை எந்த வரிசையில் ஆன் செய்வது, அடுத்த ஷிஃப்ட்காரருக்கு என்ன சொல்லிவிட்டுப் போவது. மகள் பயிற்சிக்காக, எங்கள் அபார்ட்மெண்ட் மோட்டார் போடுவதை எழுதினாள். முதலில் எந்த வால்வு, அப்புறம் எந்த ஸ்விட்ச், மாடியில் தண்ணீர் வழியும் சத்தம் கேட்டால் என்ன செய்வது என்று ஆறே வரி. ஸ்விட்ச் பக்கத்தில் ஒட்டிவைத்தோம். புதிதாகக் குடிவந்த ஒடிசாக் குடும்பம் அதைப் பார்த்துத்தான் மோட்டார் போடுகிறது. வேலைக்கான இங்கிலீஷ் என்று தலைப்பே போடாத பக்கம்!

பேச்சுப் பயிற்சியும் புத்தகத்தில் உண்டு. ஆனால் பரீட்சை எழுத்துக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. யார் பேசப் போகிறார்கள்? முன்பு இரண்டு தாளாக இருந்த இங்கிலீஷ் 2018-19இலிருந்து ஒரே தாள், பாரம் குறைந்தது நல்லதுதான். எந்தப் படிப்பு, என்ன வேலை என்று வழிகாட்ட 2022இலிருந்து 'நான் முதல்வன்' திட்டம் இருக்கிறது, அந்தச் சுமையைப் புத்தகத்தின் தலையில் கட்ட வேண்டாம்.

இவ்வளவும் சொன்னாலும், கொளத்தூரில் எங்கள் கீழ் வீட்டுக்காரர் "புக்கே போதுமா சார், இல்ல ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல சேர்க்கணுமா?" என்று கேட்டபோது, சேர்த்துவிடுங்கள் என்றுதான் சொன்னேன். அன்றைக்குக் காலையில் ஒரு கட்டு பயோடேட்டா பார்த்துவிட்டு வந்திருந்தேன். வேறு நாளில் கேட்டிருந்தால் ஃபீஸை மிச்சம் பிடியுங்கள் என்றிருப்பேன்.