இரண்டாம் பருவமா, இரண்டு வயதா? பெட்டை நாயின் தலையீற்றுக்கு எது சரி

இளம் பெட்டையை எப்போது கடுவனோடு சேர்க்கலாம் என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: முதல் பருவத்தை விட்டுவிடுங்கள், இரண்டாவதில் சேருங்கள். நினைவில் வைக்க எளிது என்பதாலேயே, எந்த நாய்க்கு இதைச் சொல்கிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை. சிறிய இனப் பெட்டை 6, 7 மாதத்திலேயே முதல் பருவத்துக்கு வந்துவிடும். இரு பருவங்களுக்கு இடையே சராசரியாக 7 மாதம் என்று வைத்துக்கொண்டால், அதன் இரண்டாம் பருவம் 13, 14 மாதத்தில் வரும். கிரேட் டேன் போன்ற பேரினங்களுக்கோ முதல் பருவமே 18 மாதத்தில் வரலாம், அதையும் தாண்டலாம். பசென்ஜி ஆண்டுக்கு ஒருமுறைதான் பருவத்துக்கு வரும். ஒரே அறிவுரையைக் கேட்டு ஒருவர் 13 மாதக் குட்டியைத் தாயாக்குவார். இன்னொருவர் இரண்டரை வயது வரை காத்திருப்பார். இருவரும் சரியாகத்தான் செய்ததாக நினைப்பார்கள்.

பருவங்களை எண்ணுவதா, வயதையும் பரிசோதனைகளையும் பார்ப்பதா என்பதே உண்மையான போட்டி. நான் இரண்டாவதன் பக்கம். முதலாவதன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

முதல் பருவத்தில் சேர்ப்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அமெரிக்கன் கென்னல் கிளப் இணைசேரும்போது தாய்க்கு 8 மாதம் நிறைந்திருந்தாலே குட்டிகளைப் பதிவு செய்கிறது. அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. பிரிட்டனின் கென்னல் கிளப் ஒரு வயது நிறையாத தாயின் குட்டிகளைப் பதிவதில்லை. இந்தியாவின் 2017 ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள் 18 மாதம் என்கின்றன. பதிவேட்டில் இடம் கிடைப்பது வேறு, நாய் தயாராக இருப்பது வேறு என்பதற்கு இந்த மூன்று எண்களுக்கு இடையே உள்ள தூரமே சாட்சி. முதல் பருவத்தில் பல பெட்டைகளுக்கு எலும்பு வளர்ச்சியே முடிந்திருக்காது. குட்டி ஈன்ற மூன்றாவது, நான்காவது வாரத்தில் பால் சுரப்பு உச்சத்தைத் தொடும்போது, வழக்கமாகத் தேவைப்படும் ஆற்றலைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு அதற்குத் தேவைப்படும். தன் உடம்பையே இன்னும் கட்டி முடிக்காத ஒன்று, ஆறு வாய்களுக்குப் பால் கொடுக்க வேண்டும். அறியாத வயதில் குட்டிகளை ஒதுக்கிவிடுவதும் மிதித்துவிடுவதும் கூடுதல் கவலை. வேலி தாண்டி நடந்துவிட்ட விபத்தைத் தவிர, இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இரண்டாம் பருவத்துக்கு வருவோம். நடுத்தர இனங்களில் இது பெரும்பாலும் 15 முதல் 18 மாதத்துக்குள் விழும். உடல் ஏறக்குறைய வளர்ந்திருக்கும், கருப்பை இளமையாக இருக்கும், கருத்தரிக்கும் திறனும் நன்றாக இருக்கும். முதல் பருவத்தைக் கவனித்துக் குறித்துவைத்தவருக்கு நாயின் போக்கு ஓரளவு பிடிபட்டிருக்கும். உடலை மட்டும் பார்த்தால் குறை சொல்ல அதிகமில்லை.

எண்ணிக்கையைத்தான் நம்ப முடியாது. இளம் பெட்டைகளில் ‘பிளந்த பருவம்’ அடிக்கடி வரும்: உதிரம் தெரியும், உறுப்பு வீங்கும், கடுவன்கள் வாசலில் காத்துக்கிடக்கும், ஆனால் சினைமுட்டை வெளியேறாமலே எல்லாம் அடங்கிவிடும். சில வாரங்களில் உண்மையான பருவம் வரும். அதை ‘இரண்டாவது’ என்று எண்ணிச் சேர்ப்பவர் உண்மையில் முதல் பருவத்தில்தான் சேர்க்கிறார். இதற்கு நேர்மாறாக, வெளியே எதுவும் தெரியாத மௌனப் பருவமும் உண்டு. தன்னைச் சுத்தமாக நக்கிக்கொள்ளும் சிறிய பெட்டை ஒரு பருவத்தையே உரிமையாளர் கண்ணில் படாமல் கடந்துவிடும்.

இதைவிடப் பெரிய குறை, இரண்டாம் பருவத்தில் அந்த நாயைப் பற்றி நமக்கு இன்னும் போதுமான அளவு தெரிந்திருக்காது என்பது. இடுப்பு மூட்டுக் கோளாறை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஓ.எஃப்.ஏ. அமைப்பு 24 மாதம் நிறைந்த பிறகே இடுப்பு எக்ஸ்ரேவுக்கு இறுதித் தரம் தருகிறது. அதற்கு முன் எடுப்பது முன்னோட்டம் மட்டுமே. பிரிட்டனில் 12 மாதத்திலிருந்தே தரம் பார்க்கிறார்கள். ஜீன் பரிசோதனையைக் குட்டியாக இருக்கும்போதே செய்துவிடலாம். ஆனால் ஜீன் பரிசோதனையில் தெரியாத நோய்களே அதிகம். மரபுவழி வலிப்பு பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 6 வயதுக்கும் இடையில் தலைகாட்டும். ஒவ்வாமைத் தோல் நோய் பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில் தொடங்கும். 14 மாதத்தில் சேர்த்த பெட்டைக்கு 20 ஆவது மாதத்தில் முதல் வலிப்பு வந்தால், அதற்குள் அதன் குட்டிகள் பல வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இரண்டு வயதுவரை காத்திருப்பதன் பலம் இதுதான். உடம்பு கூடுதலாக முதிர்வதைவிட, நம் கையில் தகவல் கூடுவதே முக்கியம். இந்தப் பெட்டையைப் பற்றி மட்டுமல்ல, அதன் உடன்பிறந்தவை, தாய், தந்தை பற்றியும் அதற்குள் செய்தி வந்திருக்கும். குணமும் அப்படித்தான். குட்டிப் பருவத்தில் கூச்சமாகத் தெரிந்தது இரண்டு வயதில் அச்சமாகவோ சீற்றமாகவோ மாறியிருக்கலாம், மறைந்தும் போயிருக்கலாம். பயந்த தாயிடம் வளரும் குட்டிகள் பயத்தையும் கற்றுக்கொள்ளும் என்பதால், குணத்தை இடுப்பு எக்ஸ்ரேவுக்கு நிகராகவே வைப்பேன். ஒரு சிறு எச்சரிக்கை: எக்ஸ்ரேவைப் பருவ காலத்தில் எடுக்கக் கூடாது. அப்போது ஹார்மோன்களால் மூட்டு தளர்ந்திருப்பதால் நல்ல இடுப்பும் மோசமாகத் தெரியக்கூடும். பருவத்துக்கு மூன்று, நான்கு வாரம் முன்போ பின்போ எடுப்பது நல்லது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் புரொஜெஸ்டிரோன் பற்றியது. பெட்டை நாயின் உடம்பில் சினையானாலும் ஆகாவிட்டாலும் பருவத்துக்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு மாதம் இந்த ஹார்மோன் உயர்ந்தே இருக்கும். வெறுமனே கடக்கும் ஒவ்வொரு பருவமும் கருப்பையின் உள்சுவரைத் தடிக்க வைக்கிறது. ஆண்டுகள் போகப் போக அதுவே கருப்பையில் சீழ் பிடிக்க வழி செய்கிறது. ஸ்வீடனின் நாய்க் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், கருத்தடை செய்யாத பெட்டைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இந்த நோய் வந்ததைக் கண்டார்கள். அதனால் இனப்பெருக்க மருத்துவர்களில் ஒரு பிரிவினர், இளமையில் தொடங்கி அடுத்தடுத்த பருவங்களில் ஈற்றை முடித்து, உடனே கருத்தடை செய்துவிடுவது நல்லது என்கிறார்கள். இது அலட்சியமான பேச்சல்ல. உடல்நிலை நன்றாக இருந்தால் அடுத்தடுத்து இரு ஈற்று என்பதை நானும் பாவமாக நினைக்கவில்லை. ஆனால் அந்தத் தீங்கு பல ஆண்டுகளில் சேருவது. தொடக்கத்தில் ஒன்றிரண்டு பருவம் கூடுதலாக விடுவதால் கருப்பை கெட்டுவிடாது; அவசரப்பட்டுச் சேர்த்ததால் பரவிய வலிப்பைத் திருப்பி எடுக்க முடியாது. இந்த இரண்டையும் எடை போட்டால் காத்திருப்பதே கனக்கிறது.

ஆகவே நடுத்தர, பெரிய இனங்களுக்கு 2 வயதை ஒட்டி வரும் பருவம் என்பது என் தேர்வு. சிறிய இனங்களில் உடல் சீக்கிரம் முதிர்வதால், முழங்கால் சில்லு, கண், இதயம் பார்த்தாகிவிட்டால் 18 மாதத்தைத் தாண்டிய பருவம் போதும். அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ இருக்கும். இதயக் கோளாறுக்குப் பேர்போன கவாலியர் கிங் சார்லஸ் போன்ற இனத்துக்கு இந்தச் சலுகையைத் தரமாட்டேன். அங்கே இரண்டரை வயதுகூட முந்தியதுதான்.

காத்திருப்பதையும் அளவோடுதான் செய்ய வேண்டும். தலையீற்றை 5, 6 வயதுக்குத் தள்ளிப்போட்டால் குட்டிகளின் எண்ணிக்கை குறையும், ஈனும் வேளையில் கருப்பை சோர்ந்துபோகும் வாய்ப்பும் கூடும். ஒரே ஒரு குட்டி மட்டும் இருந்தால் ஈற்றைத் தொடங்கிவைக்கப் போதிய தூண்டுதல் கிடைக்காமல் நாள் கடந்து, குட்டியும் பெருத்து, அறுவையில் முடிவதும் உண்டு. நான்கு வயதைத் தாண்டியும் முதல் ஈற்று ஆகாத பெட்டையை அப்படியே விட்டுவிடச் சொல்வேன்.

அப்படி விட்டுவிடுவதும் ஒரு தேர்வுதான். பலருக்கு அதுவே சிறந்த தேர்வு. ‘ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது’ என்ற பேச்சில் எனக்குப் பொறுமையில்லை. ஒரு முறை ஈன்றது மார்புக் கட்டியிலிருந்து நாயைக் காப்பதாக நம்பப் போதிய ஆதாரமில்லை. பரிசோதனையில் ஏதாவது தவறிவிட்டால் கருத்தடைக்கு நாள் குறிப்பதே முறை. பெரிய இனங்களில் மூட்டு நலனுக்காக அதை உடல் வளர்ச்சி முடிந்த பிறகு செய்வார்கள்.

பருவத்தைத் தேர்ந்தபின் நாளைத் தேர வேண்டும். அதற்கு முன் புரூசெல்லா கேனிஸ் பரிசோதனை பெட்டைக்கும் கடுவனுக்கும் கட்டாயம். பிந்திய கருச்சிதைவை உண்டாக்கும் இந்தக் கிருமி மனிதருக்கும் தொற்றும். தடுப்பூசியும் சினைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

நாளைக் கணிக்க நான்கு வழிகள் உண்டு. உதிரம் கண்ட நாளிலிருந்து 10, 12, 14 என்று எண்ணிச் சேர்ப்பது பழைய வழி. சராசரிப் பெட்டைக்கு அது சரி. ஆனால் சில பெட்டைகளுக்கு 5 ஆம் நாளிலேயே சினைமுட்டை வெளியேறும், சிலவற்றுக்கு 25 நாள் ஆகும். உதிரம் வைக்கோல் நிறத்துக்கு வெளுப்பதையும், இடுப்பைத் தொட்டால் வாலை ஒருபுறம் ஒதுக்கி நிற்பதையும் பார்ப்பது இரண்டாவது வழி. எண்ணுவதைவிட இது மேல், ஆனால் கடைசிவரை உதிரம் வெளுக்காத பெட்டைகளும் இருக்கின்றன. யோனிச் செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது பருவத்தின் எந்தக் கட்டம் என்று நன்றாகச் சொல்லும். சினைமுட்டை வெளியேறும் நாளை முன்கூட்டிச் சொல்லாது.

இரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் அளவைப் பார்ப்பது நான்காவது வழி. மற்ற மூன்றும் இதற்கு ஈடாகாது. தொடக்கத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்குக் கீழே இருக்கும். 2 முதல் 3 ஐத் தொடும்போது சினைமுட்டை வெளியேற்றத்தைத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் பாய்கிறது. இரண்டு நாளில் அளவு 5 ஐ ஒட்டி வரும்போது முட்டைகள் வெளியேறுகின்றன. நாயின் முட்டை முதிராமலே வெளியேறுவதால், கருவுற இன்னும் இரண்டு நாள் வேண்டும். இயல்பாக இணைசேர்ப்பதற்கு அந்த நாளும் ஒரு நாள் விட்டு அடுத்த நாளும் பொருத்தம். கடுவனின் விந்து உடம்புக்குள் 5, 6 நாள் உயிரோடு இருக்கும் என்பதால் கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை. உறைய வைத்த விந்தோ ஒரு நாள்கூடத் தாங்காது. அங்கே இந்தப் பரிசோதனை இல்லாமல் இறங்குவது வீண் முயற்சி. கருவிக்குக் கருவி அளவு சற்று மாறும் என்பதால் எல்லா மாதிரிகளையும் ஒரே ஆய்வகத்தில் கொடுங்கள்.

இதன் பயன் சேர்ப்பதோடு முடிவதில்லை. சேர்த்த நாளிலிருந்து எண்ணினால் ஈற்று 57 முதல் 72 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். முட்டை வெளியேறிய நாளிலிருந்து எண்ணினால் 63, ஓரிரு நாள் முன்பின். புல்டாக், பிரெஞ்சு புல்டாக் போன்ற பெரிய தலை கொண்ட இனங்களில் பெரும்பாலான ஈற்றுகள் அறுவையில்தான் நடக்கின்றன. அங்கே அறுவைக்கு நாள் குறிக்க மருத்துவர் முதலில் கேட்பது இந்தத் தேதியைத்தான். சில நாள் முந்திவிட்டால்கூடக் குட்டிகளின் நுரையீரல் முதிர்ந்திருக்காது.