ஜூகோ வீரரா, போர்ட்டல் வீரரா, பள்ளிப் பையனா?

1990 ஏப்ரலில் டென்வரில் நடந்த என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு) கூடைப்பந்து இறுதி ஆட்டத்தில் லாஸ் வேகாஸின் யு.என்.எல்.வி. பல்கலைக்கழக அணி, டியூக் பல்கலைக்கழக அணியை 103-73 என்று நசுக்கியது. இறுதி ஆட்டம் ஒன்றில் 30 புள்ளி வித்தியாசத்தை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. அந்த அணியைப் பிரித்துப் பார்த்தால், கல்லூரிக் கூடைப்பந்தில் ஆள் சேர்க்கும் மூன்று வழிகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. லாரி ஜான்சன் டெக்சாஸின் ஒடெசா கல்லூரியில் இரண்டு வருடம் ஆடிவிட்டு வந்தவர். டேவிட் பட்லரும் மோசஸ் ஸ்கரியும் சான் ஜசின்டோ கல்லூரியிலிருந்து வந்தவர்கள். இவர்கள் இரண்டாண்டுப் படிப்பு மட்டும் உள்ள ஜூனியர் கல்லூரி ஆட்கள், அதாவது 'ஜூகோ'. கிரெக் ஆன்டனி போர்ட்லாண்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் ஆடிவிட்டு மாறியவர்; இன்றைய பேச்சில் 'போர்ட்டல்' வீரர். ஸ்டேசி ஆக்மன் பள்ளியிலிருந்து நேராக வந்தவர்.

பயிற்சியாளர் ஜெர்ரி டார்க்கேனியனே ரிவர்சைட், பசடினா ஜூனியர் கல்லூரிகளில் பயிற்சியாளராக இருந்து மேலே வந்தவர்தான். மற்றவர்கள் எட்டிப் பார்க்கத் தயங்கிய இடம் அவருக்குப் பழகிய தெரு.

இன்றைக்கு ஒரு பயிற்சியாளருக்கு அணியில் ஒரு இடம் காலியாக இருக்கிறது என்றால், இந்த மூவரில் யாரை எடுப்பது? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரிய கல்லூரிக்குப் போர்ட்டல், நடுத்தரக் கல்லூரிக்கு ஜூகோ. ஆனால் இந்த பதில் 2018க்கு முன்னால் வேறாக இருந்திருக்கும். அதனால் அங்கிருந்து தொடங்குவோம்.

பழைய விதிப்படி, ஒரு நான்காண்டுக் கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கூடைப்பந்து வீரர், சில விதிவிலக்குகள் தவிர, ஒரு வருடம் ஆடாமல் காத்திருக்க வேண்டும். பயிற்சிக்கு வரலாம், களத்தில் இறங்க முடியாது. ஆன்டனி 1987-88 பருவம் முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். ஜூனியர் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு வருபவருக்கோ அந்தக் காத்திருப்பு கிடையாது. வந்த நாளே ஆடலாம். வயது 20, 21. உடம்பு முறுக்கேறியிருக்கும். உடனே பலன் வேண்டும் என்றால் ஜூகோதான் வழி என்று இருந்தது. 1987ல் இண்டியானாவுக்குக் கோப்பையைத் தந்தது, கான்சாஸின் கார்டன் சிட்டி ஜூனியர் கல்லூரியிலிருந்து வந்த கீத் ஸ்மார்ட் கடைசி நொடிகளில் போட்ட பந்து. சிராக்கியூசுக்கு எதிராக 74-73. அதே அணியின் உயரமான நடு ஆட்டக்காரர் டீன் கேரட்டும் ஜூகோதான்.

அப்புறம் ஆட்டமே மாறிவிட்டது. 2018 அக்டோபரில் இடமாற்றப் போர்ட்டல் என்ற இணையப் பட்டியல் வந்தது. மாற விரும்பும் வீரரின் பெயர் அதில் ஏறிவிட்டால் எந்தப் பயிற்சியாளரும் தொடர்பு கொள்ளலாம். 2021ல் முதல் முறை மாறுபவர் காத்திருக்க வேண்டாம் என்றார்கள். 2024ல் படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றாகிவிட்டது. ஜூகோவின் கையில் இருந்த துருப்புச் சீட்டு அடுத்தடுத்த விதித் திருத்தங்களில் செல்லாக் காசானது இப்படித்தான்.

இப்போது மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

நம்பகத்தன்மையில் போர்ட்டலை அடிக்க ஆள் இல்லை. அந்த வீரர் பெரும்பாலும் ஏற்கெனவே டிவிஷன் 1ல், அதாவது என்.சி.ஏ.ஏ.வின் உச்சப் பிரிவில், ஆடியிருக்கிறார்; யாருக்கு எதிராக எத்தனை புள்ளி எடுத்தார், யாரிடம் திணறினார் என்று எல்லாம் வீடியோவில் இருக்கிறது. 2025ல் புளோரிடா கோப்பை வென்றபோது அதன் தூண்களான வால்டர் கிளேட்டன் ஐயோனாவிலிருந்தும், அலைஜா மார்ட்டின் புளோரிடா அட்லாண்டிக்கிலிருந்தும், வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்தும் வந்தவர்கள். சின்னக் கல்லூரி வளர்க்கும், பெரிய கல்லூரி அறுவடை செய்யும். நியாயமா என்றால் இல்லை, ஆனால் கோப்பை வருகிறது.

ஜூகோ புள்ளிவிவரத்தை அப்படியே நம்ப முடியாது. ஜூனியர் கல்லூரி ஆட்டம் வேகமானது, எதிரணிகளின் தரம் ஏறி இறங்கும். ஜிம்மி பட்லர் டைலர் ஜூனியர் கல்லூரியில் ஆட்டத்துக்கு 18 புள்ளிக்கு மேல் எடுத்தவர். 2008ல் மார்க்வெட் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் பருவத்தில் ஆட்டத்துக்கு 6 புள்ளிகூடத் தேறவில்லை. இரண்டாம் பருவத்தில்தான் அணியின் முக்கிய ஆளானார். பிறகு 2011ல் என்.பி.ஏ. புதுவீரர் தேர்வில் சிகாகோ அணி அவரை 30வது ஆளாகத் தேர்ந்தெடுத்ததும் அவர் என்.பி.ஏ. நட்சத்திரம் ஆனதும் ஊரறிந்த கதை.

இந்தக் கதையில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பட்லர் டைலரில் ஒரே வருடம்தான் இருந்தார். கல்லூரி ஆட்டத்துக்கு மொத்தம் நான்கு வருடம்தான், ஜூகோ வருடமும் அதில் சேரும் என்பது விதி; அதனால் மார்க்வெட்டில் அவருக்கு மூன்று வருடம் கிடைத்தது. முதல் வருடம் தடுமாறினாலும் பரவாயில்லை, மீதி இரண்டு இருக்கிறதே! இரண்டு வருட ஜூகோ முடித்து வருபவருக்கு அந்த வசதி இல்லை. முதல் வருடத்தைப் பழகுவதிலேயே செலவழித்துவிட்டால், கையில் நிற்பது ஒரே வருடம். ஹோவர்ட் கல்லூரியோடு 2010ல் ஜூகோ தேசியக் கோப்பை வென்று அதே மார்க்வெட்டுக்கு வந்த ஜே க்ரவுடர், இரண்டே வருடத்தில் மார்க்வெட் ஆடும் பிக் ஈஸ்ட் லீக்கின் சிறந்த வீரர் ஆனார். எல்லோரும் க்ரவுடர் ஆகிவிட முடியாது. ஆகவே ஜூகோவுக்குள்ளேயே தேர்வு செய்யச் சொன்னால், இரண்டு வருட நட்சத்திரத்தைவிட ஒரு வருடம் ஆடிய, இன்னும் வளர்கிற பையனைத்தான் நான் எடுப்பேன்.

அடுத்தது படிப்பு. ஜூகோ ஆள்சேர்ப்பில் மனம் உடைகிற இடம் இதுதான். பள்ளி முடிக்கும்போதே என்.சி.ஏ.ஏ. தகுதி பெற்றவருக்கு வழி எளிது: குறைந்தது ஒரு செமஸ்டர் முழுநேரம் படித்திருக்க வேண்டும், செமஸ்டருக்குச் சராசரி 12 கிரெடிட் (பாட அலகு) புதிய கல்லூரிக்கு மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும், சராசரி மதிப்பெண் 4க்கு 2.5. பள்ளியில் தகுதி பெறாதவர் ஜூனியர் கல்லூரியில் பட்டமே முடிக்க வேண்டும். 48 கிரெடிட் தேவை, அதில் ஆங்கிலம் 6, கணிதம் 3, அறிவியல் 3. உடற்பயிற்சி வகுப்புகளை அடுக்கிக் கணக்குக் காட்ட முடியாது. எத்தனை நல்ல ஆட்டக்காரராக இருந்தாலும் ஒரு கணிதப் பாடம் பாக்கி என்றால் கதை முடிந்தது. வீடியோ பார்ப்பதற்கு முன் மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். முதலில் பிடித்துப்போய், அப்புறம் பட்டியலைப் பார்த்தால், கண் எதையும் பார்க்காது.

பள்ளிப் பையனைப் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. நான்கு வருடம் கிடைக்கும், நம் பாணியில் வளர்க்கலாம் என்பதுதான் காலங்காலமாகச் சொல்லும் லாபம். இன்று வளர்த்த பையன் இரண்டாம் வருடமே போர்ட்டலில் பெயர் கொடுத்துவிட்டால் யாருக்கு லாபம்? முதல் வருடமே ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தும் அபூர்வமான பையன்கள் விதிவிலக்கு, அவர்களும் என்.பி.ஏ.வுக்குப் போய்விடுவார்கள்.

பணத்துக்கு வருவோம். 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்றுச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி கல்லூரியே நேரடியாகக் கொடுக்கலாம். 2025-26ல் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். அமெரிக்கக் கால்பந்து பெரும் பங்கை விழுங்கிய பிறகு மிச்சம்தான் கூடைப்பந்துக்கு. பெரிய கல்லூரிக்கே இழுபறி என்றால் நடுத்தரக் கல்லூரி போர்ட்டல் சந்தையில் ஏலம் எடுத்து எங்கே ஜெயிப்பது? ஜூகோ வீரர் கேட்கும் தொகை பெரும்பாலும் குறைவு. அவர் கேட்பது ஆடும் வாய்ப்பு. இதனால்தான் நடுத்தரக் கல்லூரிக்கு நான் ஜூகோவைச் சொல்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. பயிற்சியாளர்கள் எல்லோரும் போர்ட்டலில் அனுபவசாலிகளைத் தேடினால், பள்ளி முடித்த பையன்களுக்கு இடம் குறையும். அவர்களில் ஒரு பகுதி ஜூனியர் கல்லூரிக்குத்தான் போவார்கள். மேலிருந்து இறங்கி மறுபடி ஏறுபவர்களும் இருக்கிறார்கள். சாட் பேக்கர்-மசாரா சான் டியேகோ ஸ்டேட்டில் ஆடிவிட்டு, நார்த்வெஸ்ட் புளோரிடா ஸ்டேட் ஜூகோவுக்கு இறங்கி, அங்கிருந்து ஆபர்னுக்குப் போனார். 2025ல் இறுதி நான்கை எட்டிய ஆபர்ன் அணியில் அவரும் ஒருவர்.

ஜூகோவில் ஆடிய வருடம் என்.சி.ஏ.ஏ. கணக்கில் சேருமா என்பதே இப்போது வழக்காகிவிட்டது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வீரர் டியேகோ பவியா இதைக் கேட்டு நீதிமன்றம் போய், 2024 டிசம்பரில் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தடையாணை வாங்கினார். அதன்பின் அவர் போன்ற நிலையில் இருந்தவர்களுக்கு 2025-26ல் ஒரு வருடம் கூடுதலாகத் தந்தார்கள். அந்த வருடம் நிரந்தரமாகவே கணக்கில் சேராமல் போனால், நான் மேலே போட்ட 'இரண்டு வருடம்தான் மிச்சம்' என்ற கணக்கு தலைகீழாகும். அப்போது பெரிய கல்லூரிகளும் மார்ச் மாதத்தில் கான்சாஸின் ஹட்சின்சனுக்கு வண்டி கட்டும். 1949லிருந்து ஜூகோ ஆண்கள் தேசியப் போட்டி நடப்பது அந்தச் சிறிய ஊரில்தான். நடுத்தரக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் அதற்கு முன்பே போய் நல்ல இடமாகப் பிடித்து உட்கார்ந்துகொள்வது நல்லது.